ரிப்போர்ட் எல்லாம் நார்மல்: ரத்தசோகை இல்லாத இரும்புச்சத்துக் குறைவு, ஒரு நிகழ்வு ஆய்வு

பாலிதீன் கவர் ஒன்றை மேசைமேல் வைத்தார். உள்ளே நான்கு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், ஒரு தைராய்டு, ஒரு சர்க்கரை, ஒரு ஈ.சி.ஜி. "எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க சார். எனக்குத்தான் முடியல."

வயது 36. அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். சைவம், எப்போதாவது முட்டை. இங்கே அவரை டீச்சர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இந்தக் கேஸில் அரிய நோய் எதுவும் இல்லை. எந்த ஊர் கிளினிக்கிலும் வாரத்துக்கு இரண்டு பேர் இப்படி வருவார்கள். எழுதத் தோன்றியதற்குக் காரணம், முதல் தடவை நானே இதில் கோட்டை விட்டேன்.

வந்தபோது

"முடியல" என்றால் என்ன என்று கேட்டேன். பத்தாம் வகுப்பு இரண்டாவது மாடியில் இருக்கிறதாம். முன்பெல்லாம் அன்றைய பாடத்தை யோசித்துக்கொண்டே ஏறிவிடுவார். இப்போது முதல் மாடி வளைவில் நின்று, செல்போனில் ஏதோ பார்ப்பதுபோல் பாவனை செய்து மூச்சு வாங்கிக்கொள்கிறார். பிள்ளைகள் கவனித்துவிடுவார்களோ என்று கூச்சம். கடைசி பீரியடில் இன்னும் மோசம். "போர்டுல பாதி சம் போட்டுட்டு அடுத்த ஸ்டெப் தெரியாம நிக்கிறேன் சார். பன்னெண்டு வருஷமா போடுற சம்." தலைக்குக் குளித்தால் குளியலறை ஜல்லடை முடியால் அடைத்துக்கொள்கிறது. இப்படி எட்டு மாதம்.

அதற்குள் மூன்று இடம் பார்த்துவிட்டார். ஓரிடத்தில் வைட்டமின் டி பவுடர். ஓரிடத்தில் "மனசுல ஏதாவது கவலையா?" என்று கேட்டு, இரவுக்கு ஒரு மாத்திரை. அதைப் போட்டால் காலையில் எழுந்திருக்க முடியவில்லை, பத்தே நாளில் நிறுத்திவிட்டார். நடுவில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு மாதம் இரும்புச்சத்து டானிக்கும் குடித்திருக்கிறார். பலன் ஒன்றும் இல்லை. அந்த டானிக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

பரிசோதித்ததில் நாடித்துடிப்பு 94, ரத்த அழுத்தம் 110/70. இதயம், நுரையீரல் சுத்தம். கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெளிறல் இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை. ஹீமோகுளோபின் நன்றாக இறங்கிய பிறகுதான் இமை நம்பும்படி எதையாவது சொல்லும். நகங்கள் மெல்லியதாக, நீளவாக்கில் கோடு விழுந்து, நுனியில் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தன.

கடைசி ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 12.2. ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமனைச் சொல்லும் எம்.சி.வி. 84. அதில் இருக்கும் ஹீமோகுளோபினைச் சொல்லும் எம்.சி.ஹெச். 27.1, லேபின் கீழ் எல்லையான 27ஐ ஒட்டி நின்றது. ஆர்.டி.டபிள்யூ. மட்டும் 15.4, பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. சிவப்பணுக்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் சிறிதுமாக இருந்தால் இந்த எண் ஏறும். நான்கு ரிப்போர்ட்டிலும் அந்த அம்புக்குறி இருந்தது. மூன்று டாக்டர்கள் அதைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். நான்காவதாக நான் அதைப் பார்த்தேன் என்பதுவரை சரி.

கோட்டை விட்ட இடம்

இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை எழுதிக்கொடுத்தேன். 44 என்று வந்தது. லேப் அச்சிட்டிருந்த நார்மல் அளவு 10 முதல் 150 வரை. சரி, இரும்பு இல்லை என்று முடிவு கட்டி, பி12 கலந்த மாத்திரையைக் கொடுத்து அனுப்பினேன். கவருக்குள் இன்னொரு நார்மல் சேர்ந்தது.

டீச்சருக்கு அன்று மூன்று நாளாகச் சளியும் காய்ச்சலும். அதையும் நான்தான் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்தில், ஃபெரிட்டினுக்கு இரண்டே வரி மேலே.

ஃபெரிட்டின் என்பது இரும்பைப் பொதிந்து வைக்கும் புரதம். அதில் துளியூண்டு ரத்தத்துக்குள் கசியும். அந்தக் கசிவை அளந்து உள்ளே இருக்கும் கையிருப்பை ஊகிக்கிறோம். சிக்கல் என்னவென்றால், உடம்பில் கிருமித்தொற்றோ அழற்சியோ இருந்தால் கையிருப்பு கூடாமலேயே இந்த எண் ஏறும். உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதற்கு இரண்டு தனித்தனிக் கோடுகள் போட்டிருக்கிறார்கள். ஆரோக்கியமான பெரியவருக்கு 15க்குக் கீழே என்றால் குறைவு. தொற்றோ அழற்சியோ இருப்பவருக்கு 70க்குக் கீழேயே குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சலோடு வந்த 44 நார்மல் ஆகாது. அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி.யையும் சேர்த்து எழுதியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்தச் சில நூறு ரூபாயை மிச்சம்பிடித்து, டீச்சருக்கு இரண்டு மாதத்தைச் செலவு வைத்தேன்.

சரி, காய்ச்சலே இல்லாவிட்டாலும் 10 என்ற அந்தக் கீழ் எல்லை எங்கிருந்து வருகிறது? நோயில்லை என்று தோன்றுகிற நிறையப் பேரின் ரத்தத்தை எடுத்து, நடுவில் விழும் பெரும்பான்மையை நார்மல் என்று வகுப்பதுதான் பொதுவான முறை. அப்படி எடுக்கப்பட்ட பெண்களிலேயே கணிசமானோருக்கு இரும்புச்சத்துக் குறைவாக இருந்தால், குறைவும் நார்மலுக்குள் அடைக்கலமாகிவிடும். 30க்குக் கீழே வந்தாலே சேமிப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும் என்பதுதான் இன்று பல மருத்துவர்கள் கையாளும் அளவு. நானும் இப்போது லேப் அச்சிட்டதைப் பார்ப்பதில்லை.

அரிசியும் நீலக் கரைசலும்

இரண்டு மாதம் கழித்து, இந்த முறை கணவரோடு வந்தார். புதுத் தொந்தரவு. "ராத்திரி படுத்தா கால் உளையுது சார். வலின்னு சொல்ல முடியாது. உள்ள ஏதோ ஊர்ற மாதிரி. எழுந்து நடந்தா தேவலாம். வந்து படுத்தா திரும்பவும்."

"எங்க பாட்டி மாதிரி கெண்டைக்கால்ல துண்டை இறுக்கிக் கட்டிட்டுப் படுக்குறா சார்," என்றார் கணவர்.

உளைச்சல் என்று தமிழில் ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகிற இந்தத் தொந்தரவை, கார்ல் ஆக்செல் எக்போம் என்ற ஸ்வீடன் நரம்பியல் மருத்துவர் 1945ல் விரிவாக விவரித்தார். இன்று அதற்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்று பெயர். மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கும் நொதிக்கு இரும்பு தேவை; மூளைக்கு இரும்பு போதாமல் போவது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. கால் உளைச்சலோடு வருபவருக்கு ஃபெரிட்டின் 75 இருந்தால்கூட இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்பது அந்தத் துறை நிபுணர்களின் பரிந்துரை. என் மண்டையில் அப்போதுதான் பல்ப் எரிந்தது.

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "சாப்பாடு இல்லாம வேற ஏதாவது திங்கணும்னு தோணுதா டீச்சர்? மண்ணு, சாம்பல், விபூதி, சாக்பீஸ்..."

டீச்சர் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார். பதில் கணவரிடமிருந்து வந்தது. "அரிசி சார். டப்பாவத் திறந்தா ஒரு கை அள்ளிடுறா. டிவி பாக்கும்போது கிண்ணத்துல போட்டு வச்சுக்கிட்டு."

"அரிசி தின்னா கல்யாணத்துல மழை பெய்யும்னு அம்மா திட்டுவாங்க சார். அதான் கல்யாணம் ஆயிடுச்சே."

உணவல்லாத பொருளையோ, சமைக்காத பொருளையோ தின்னச் சொல்லி நச்சரிக்கும் இந்த ஆசை இரும்புச்சத்துக் குறைவின் பழைய அடையாளம். மேல்நாட்டு மருத்துவப் புத்தகங்களில் ஐஸ்கட்டி கடிப்பவர்கள் வருவார்கள். நம் ஊரில் அரிசி, சிலேட்டுக்குச்சி, திருநீறு, செங்கல் தூள், மழை பெய்த மண். கேட்டால் ஒழிய யாரும் சொல்ல மாட்டார்கள், வெட்கம். அரிசி தின்றால் சோகை பிடிக்கும் என்று பிள்ளைகளை அதட்டுவோம். பெரும்பாலும் கதை தலைகீழ்: இரும்பு குறைந்ததால்தான் கை அரிசி டப்பாவுக்குள் போகிறது.

அப்புறம் ரத்த தானம். அப்பாவின் நினைவு நாளில் வருடா வருடம் முகாமுக்குப் போவாராம். நான்கு வருடம் தொடர்ந்து கொடுத்தவரைப் போன வருடம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விரலில் குத்தி ஒரு சொட்டை நீலக் கரைசலில் விட்டார்கள்; அது மூழ்காமல் மேலேயே நின்றது. அது காப்பர் சல்பேட் கரைசல், அடர்த்தி எண் 1.053. ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் சொட்டு கனத்து மூழ்கும், அதற்குக் கீழே என்றால் மிதக்கும். நம் நாட்டில் ரத்தம் எடுக்க 12.5 இருந்தாக வேண்டும். "கொஞ்சம்தான் கம்மி, பயப்பட வேண்டாம், உங்களுக்கு நார்மல்தான்னு சொன்னாங்க சார். ஆனா எடுக்க மாட்டோம்னுட்டாங்க." இத்தனை பரிசோதனைகளில் டீச்சரின் ரத்தத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொன்னது அந்த நீலக் கரைசல் ஒன்றுதான்.

பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதற்கு, வேலையில் சேர்ந்தபோது எடுத்த மருத்துவச் சான்றிதழை மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். ஆசிரியர்களிடம் ஒரு நல்ல பழக்கம், சர்வீஸ் தொடர்பான காகிதம் எதையும் தொலைக்க மாட்டார்கள். அதில் ஹீமோகுளோபின் 13.9.

இங்கேதான் கேஸ் திரும்பியது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே என்றால் ரத்தசோகை என்ற கோடு, உலக சுகாதார நிறுவனத்தின் 1968ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து புழக்கத்தில் இருப்பது. லட்சக்கணக்கான பெண்களைப் பிரித்துப் பார்க்க அந்தக் கோடு பயன்படும். 12.2லேயே பிறந்து வளர்ந்து நலமாக இருக்கிற பெண் ஒருத்தி இருப்பாள். 13.9லிருந்து 12.2க்கு வந்த பெண்ணும் அதே கோட்டுக்கு மேலேதான் நிற்பாள். கோட்டுக்கு இருவரும் ஒன்று. நாம்தான் பழைய காகிதத்தைத் தேடிப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டும்.

காய்ச்சல், சளி எதுவும் இல்லாத ஒரு காலையில், வெறும் வயிற்றில் மறுபடி ரத்தம் எடுத்தோம். ஃபெரிட்டின் 8. சி.ஆர்.பி. 2, அதாவது அழற்சி இல்லை. ரத்தத்தில் இரும்பைச் சுமந்து திரியும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தில் நூற்றுக்கு 11 இடம்தான் நிரம்பியிருந்தது. 20க்குக் கீழே போனாலே தட்டுப்பாடு. பி12 போதுமான அளவு இருந்தது. சைவக்காரர்களிடம் இதைப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுக்கும், பி12 குறைந்தால் பெருக்கும், இரண்டும் சேர்ந்து குறைந்தால் சராசரி அழகாக நார்மலில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பத்தாயம்

"பத்தாயத்தில் நெல் தீர்ந்த அன்றைக்கே உலை அணைந்துவிடுமா?" என்று டீச்சரிடம் கேட்டேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், உடனே பிடித்துக்கொண்டார். பத்தாயம் காலியானாலும் அடுக்களைப் பானையில் அரிசி இருக்கும், நாலு நாள் ஓடும். வாசலில் வந்து நிற்பவருக்கு எதுவும் தெரியாது.

பெரியவர் உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு, ஒரு சிறு ஆணி அளவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் இருக்கிறது. கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் மண்ணீரலிலும் கிடப்பது சேமிப்பு. பெண்களுக்கு இது சுமார் 300 மி.கி. இருந்தால் நல்ல நிலை. வரவைவிடச் செலவு கூடும்போது உடம்பு முதலில் சேமிப்பில் கை வைக்கும். அது தீர்ந்த பிறகும் இருக்கிற இரும்பைச் சிவப்பணுத் தயாரிப்புக்கே முன்னுரிமையாகத் தள்ளிவிடும். ஆனால் இரும்பு வேண்டியது சிவப்பணுவுக்கு மட்டுமல்ல. தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபினுக்கு வேண்டும். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகளுக்கு வேண்டும். மூளைக்கு வேண்டும், முடியின் வேருக்கும் வேண்டும். பங்கீட்டில் கடைசி வரிசையில் நிற்பவர்களுக்கு முதலில் வெட்டு விழுகிறது. படியில் மூச்சு வாங்குவது, பாதியில் நின்ற சம், கால் உளைச்சல், ஜல்லடையில் முடி எல்லாம் அந்த வரிசையிலிருந்து வரும் புகார்கள். ஹீமோகுளோபின் கடைசியில்தான் சரியும். நாம் அதை மட்டும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

2019–21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வு, 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றது. அது ஹீமோகுளோபினை வைத்து எண்ணிய கணக்கு. டீச்சர் அதில் வர மாட்டார், மீதி 43ல் இருப்பார்.

எங்கே போனது

குறைவு என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. இரும்பை வெளியேற்ற உடம்புக்குத் தனி வழி கிடையாது. உதிரும் தோல், குடல் செல்களோடு நாளுக்கு ஏறக்குறைய 1 மி.கி. போகும், அவ்வளவுதான். அதற்கு மேல் போகிறது என்றால் பெரும்பாலும் எங்கோ ரத்தம் போகிறது.

முதல் நாள் நான் கேட்டது, "பீரியட்ஸ் ரெகுலரா?" அவர் சொன்னது, "ரெகுலர்தான் சார்." தேதி தவறாமல் வருவதும் அதிகமாகப் போவதும் வேறு வேறு விஷயம் என்பது ஆண் டாக்டர்களின் கேஸ் ஷீட்டில் பல சமயம் பதிவாவதில்லை. இந்த முறை எங்கள் கிளினிக் சிஸ்டரை உட்காரவைத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். ஐம்பதைத் தாண்டியவர், சுற்றி வளைக்க மாட்டார்.

"நாப்கின் எத்தனை மணி நேரத்துக்கு ஒருக்க மாத்துவ?"

"முதல் மூணு நாள் ரெண்டு மணி நேரம்க்கா. பெருசுதான் வாங்குவேன்."

"ராத்திரி எழுந்திருப்பியா?"

"ரெண்டு தடவை. அடியில டவல் போட்டுப்பேன்."

"கட்டி விழுதா?"

"விழும். எங்க வீட்ல எல்லாருக்கும் அப்படித்தான்க்கா. அம்மாக்கு, அக்காவுக்கு, எனக்கு."

ஐந்தே நிமிடம். என் நான்கு பக்கக் கேஸ் ஷீட்டைவிட உபயோகமான ஐந்து நிமிடம். வீட்டில் எல்லாருக்கும் அப்படி என்றால் அது இயல்பு என்று ஆகிவிடுகிறது, யாரும் டாக்டரிடம் கொண்டுபோவதில்லை.

மாதவிடாயில் சராசரியாக 30, 40 மி.லி. ரத்தம் போகும். 80க்கு மேல் போனால் அதிகம். டீச்சரின் கணக்கு 100ஐத் தொடும் என்று ஒரு மதிப்பு போட்டேன். அவர் என் மருந்துச் சீட்டை வாங்கிப் பின்பக்கம் கணக்குப் போட ஆரம்பித்தார். ஒரு மி.லி. ரத்தத்தில் 0.4 மி.கி. இரும்பு. நூறு மி.லி.க்கு 40 மி.கி. முப்பதால் வகுத்தால் நாளுக்கு 1.3. அன்றாடக் கழிவு 1. ஆக மொத்தம் 2.3. வரவு? சைவச் சாப்பாட்டில் நாளுக்கு 15 மி.கி. இரும்பு வருகிறது என்று வைத்துக்கொண்டால், அதில் பத்தில் ஒரு பங்கு ரத்தத்தில் சேர்ந்தாலே பெரிய விஷயம், ஒன்றரை. துண்டு விழுவது 0.8, மாதத்துக்கு 24 மி.கி. "300 தீர்றதுக்குப் பன்னெண்டரை மாசம் சார்." அடிக்கோடு இட்டார். பிறகு ரத்த தானத்துக்கு 350 மி.லி. என்று எழுதிப் பெருக்கி, 140 என்று வந்ததும் பேனாவை வைத்துவிட்டார். ஒரே நாளில் சேமிப்பில் பாதி. கையிருப்பு குறையும்போது குடல் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சும், அதனால் நிஜத்தில் கணக்கு இவ்வளவு நேராக ஓடாது என்று சொன்னேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினோம். ஸ்கேனில் கருப்பையின் உட்சுவரை ஒட்டி இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு நார்க்கட்டி. அதிகம் போகிற நாட்களில் போட்டுக்கொள்ள, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் மாத்திரை கொடுத்தார்; ஹார்மோன் உள்ள கருப்பை வளையம் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மூலம், வலி மாத்திரைப் பழக்கம், அல்சர் மாத்திரை, குடல் புழு எல்லாம் விசாரித்தோம். எதுவும் இல்லை.

மாத்திரையும் காபியும்

முன்பு குடித்த டானிக்குக்கு வருவோம். காலை டிபன் முடிந்து, கால்சியம் மாத்திரையோடு சேர்த்து டானிக், கையோடு ஒரு டம்ளர் ஃபில்டர் காபி. இரும்பு உள்ளே போகாமலிருக்க வேண்டிய எல்லா ஏற்பாடும் ஒரே வேளையில். கால்சியம் இரும்போடு மோதும். காபி, டீயில் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பைக் கட்டிப்போடும். 1983ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே உணவோடு காபி குடித்தபோது இரும்பு உறிஞ்சுதல் 39 சதவீதம் குறைந்தது, டீ குடித்தபோது 64 சதவீதம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடித்தாலும் அதே குறைவு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்தால் குறையவே இல்லை. காபியை விடச் சொன்னால் டீச்சர் என்னைவிட்டே போய்விடுவார். அதனால் வரிசையை மட்டும் மாற்றினோம். ஐந்து மணிக்கு எழுந்ததும் தண்ணீரோடு மாத்திரை, ஆறரைக்குக் காபி, எட்டு மணிக்கு டிபன். கால்சியம் இரவுக்கு.

மாத்திரை, 100 மி.கி. இரும்பு தரும் ஃபெரஸ் அஸ்கார்பேட். தினமும் வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். காரணம் ஹெப்சிடின் என்ற கல்லீரல் ஹார்மோன். ஒரு டோஸ் இரும்பு உள்ளே போனதும் அது ஏறி, ஏறக்குறைய ஒரு நாள் குடலின் வாசலை ஒருக்களித்துச் சாத்தி வைக்கும். மறுநாளே போடுகிற மாத்திரையில் பெரும்பகுதி வயிற்றைக் கெடுத்துவிட்டு வெளியே போகும். இரும்புச் சேமிப்பு குறைந்து ரத்தசோகை வராத பெண்களை வைத்து ஜூரிச்சில் செய்து 2017ல் வெளியிட்ட ஆய்வில், அடுத்தடுத்த நாள் கொடுத்தபோது 16.3 சதவீதமும், ஒரு நாள் விட்டுக் கொடுத்தபோது 21.8 சதவீதமும் உறிஞ்சப்பட்டது.  மலம் கறுப்பாகப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து இரண்டே நாளில் நிறுத்திவிடுவார்கள்.

"டிரிப்ஸ்ல ஏத்திட்டா சீக்கிரம் சரியாகுமே சார்?" என்று கணவர் கேட்டார். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, குடல் உறிஞ்சாதவர்களுக்கு அது தேவைதான். செலவு ஒரு பக்கம் இருக்க, டிரிப்ஸில் ஏற்றும் இரும்பு மருந்துகளில் ஒன்றான ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் போட்டுக்கொண்ட சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட் இறங்கி அதனாலேயே அசதி வரும். அசதிக்கு வைத்தியம் பார்க்கப் போய் அசதியை வாங்கிவர வேண்டாம் என்றேன்.

பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம் பற்றியும் கேட்டார்கள். கேட்காதவர்கள் இல்லை. சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று ஒரு நம்பிக்கை. 100 கிராம் பீட்ரூட்டிலோ மாதுளையிலோ 1 மி.கி. இரும்பு தேறினாலே அதிகம். தாராளமாகச் சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும். சுண்டல், முருங்கைக்கீரை சாப்பிடும்போது கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துகொண்டால் உள்ளதில் கூடுதலாகச் சேரும். ஆனால் காலியான பத்தாயத்தைச் சாப்பாடு மட்டும் நிரப்பாது, நிரம்பியதைக் காப்பாற்ற வேண்டுமானால் உதவும். இதில் ஒரு வேடிக்கை, பள்ளியில் வாரம் ஒரு நாள் பிள்ளைகளுக்கு நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்து, விழுங்குகிறார்களா என்று பார்த்து நிற்பவர் இந்த டீச்சர்தான்.

பிறகு

பத்தாம் நாள் அரிசி ஆசை நின்றுவிட்டது. டீச்சர் கவனிக்கவே இல்லை, கிண்ணம் டிவி பக்கத்தில் காணோமே என்று கணவர்தான் சொன்னார். இது இப்படித்தான், ஹீமோகுளோபின் அசைவதற்கு முன்பே போய்விடும். நான்காவது வாரம் முதல் மாடி வளைவில் நிற்கவில்லை. கால் உளைச்சல் ஏழாவது வாரத்தில் வாரத்துக்கு ஐந்து இரவிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. முடிதான் ஐந்து மாதம் பொறுமையைச் சோதித்தது.

எட்டாவது வாரம் ஹீமோகுளோபின் 13.5. மூன்றாம் மாதம் ஃபெரிட்டின் 31. ஆறாம் மாதம் ஹீமோகுளோபின் 13.8, ஃபெரிட்டின் 57, ஆர்.டி.டபிள்யூ. 13.2, அம்புக்குறி இல்லை.

தலைப்பில் "ரத்தசோகை இல்லாத" என்று போட்டிருக்கிறேன், புத்தகம் அப்படித்தான் வகைப்படுத்துகிறது. இரும்பு கொடுத்ததும் 12.2 என்பது 13.8க்கு ஏறுகிறது என்றால், 12.2 அவருக்குச் சோகைதான். இதைக் கோடு ஒத்துக்கொள்ளாது.

ஒரே ஒரு கேஸை வைத்துக்கொண்டு இரும்புதான் எல்லாம் செய்தது என்று சத்தியம் பண்ண மாட்டேன். இடையில் கோடை விடுமுறை வந்தது. ஒருவர் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டதே பாதி மருந்தாக வேலை செய்திருக்கலாம். பிரான்ஸில் இப்படி ரத்தசோகை இல்லாமல், ஃபெரிட்டின் 50க்குக் கீழே இருந்து அசதியோடு வந்த 198 பெண்களில் பாதிப் பேருக்கு இரும்பும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2012ல் வெளிவந்த முடிவு: இரும்பு சாப்பிட்டவர்களின் அசதி மதிப்பெண் சுமார் 48 சதவீதம் குறைந்தது, வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 29 சதவீதம். வித்தியாசம் உண்மையானது. அந்த 29ம் உண்மையானது. எனக்கு இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் மனசு ஒப்புகிறது.

அதனால் இதைப் படித்துவிட்டு அசதியாக இருக்கும் எல்லாரும் இரும்பு மாத்திரை வாங்கிவிட வேண்டாம். அசதிக்குத் தைராய்டு, சர்க்கரை, பி12, தூக்கம், மனச்சோர்வு என்று நூறு வாசல். தலசீமியா (ஹீமோகுளோபின் தயாரிப்பில் வரும் பரம்பரைக் குறை) மரபுக்கூறு உள்ளவர்களுக்கு எம்.சி.வி. எப்போதும் குறைவாகவே இருக்கும், அதைப் பார்த்து வருடக்கணக்காக இரும்பு கொடுப்பது தப்பு. கொழுப்புக் கல்லீரல் உள்ளவருக்கு ஃபெரிட்டின் 90 என்று வந்தால் அதை அப்படியே நம்ப முடியாது, டிரான்ஸ்ஃபெரின் நிரம்பல் அளவையும் பார்க்க வேண்டும். இதே ஃபெரிட்டின் 8, ஓர் ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ வந்திருந்தால் என் முதல் வேலை மாத்திரை எழுதுவதாக இருந்திருக்காது. இரைப்பையையும் பெருங்குடலையும் உள்நோக்கிக் கருவி வைத்துப் பார்க்க அனுப்பியிருப்பேன். சத்தமில்லாமல் ரத்தம் கசியவிடும் புற்றுநோய் அங்கே இருக்கலாம். இன்னொன்று, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த மாத்திரையை எட்டாத இடத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து ஒரு அட்டையை விழுங்கிய குழந்தைக்கு இரும்பு நஞ்சு, உயிரே போகும்.

டீச்சர் இப்போது வாரத்துக்கு இரண்டு மாத்திரையில் இருக்கிறார். நார்க்கட்டி அங்கேயே இருக்கிறது. அது இருக்கும்வரை மாத்திரையை முழுவதும் நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை. அப்பாவின் நினைவு நாளுக்கு இந்த வருடம் தம்பியை முகாமுக்கு அனுப்பிவைத்தாராம். அடுத்த ஃபெரிட்டின் மார்ச்சில். கருப்பை வளையம் பற்றிக் கேட்டால் மே மாதம் பார்க்கலாம் என்கிறார், அதற்கு முன்னால் பப்ளிக் எக்ஸாம் பேப்பர் திருத்தப் போக வேண்டுமாம்.